உறைபனிக் கணக்கும் ஒகாயாவின் பெண்களும்

ஒகாயா நகரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் தட்பவெப்பத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஜப்பானின் நடுப்பகுதியில், நாகானோ மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு 759 மீட்டர் உயரத்தில் சுவா என்றொரு ஏரி. அதன் மேற்குக் கரையில் இருக்கிறது ஒகாயா. ஏரியிலிருந்து தென்ரியூ ஆறு புறப்படும் வாய் இந்த ஊரில்தான் உள்ளது. சுற்றிலும் மலைகள். கடற்காற்றின் ஈரத்தை மலைகள் தடுத்துவிடுவதால் உள்ளே வரும் காற்று உலர்ந்தது. வெயில் நாட்கள் அதிகம், கோடையிலும் இரவு குளிரும், குளிர்காலத்தில் ஏரியே உறைந்துபோகும். மலைச்சரிவுகள் மல்பெரிச் செடிக்குத் தோதானவை. உலர்காற்றில் பட்டுக்கூடு பூசணம் பிடிக்காமல் நிற்கும். நூல் எடுக்கத் தெளிந்த நீரும் உண்டு. ஆகவே இங்கே பட்டு நூல் ஆலைகள் தோன்றின. பட்டு போனபின் அதே சுத்தமான காற்றை நம்பிக் கைக்கடிகாரமும் கேமராவும் செய்யும் ஆலைகள் ஏரியைச் சுற்றி வந்தன. இந்தப் பகுதிக்குக் ‘கிழக்கின் சுவிட்சர்லாந்து’ என்ற பெயரும் கிடைத்தது.

இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்தக் கதையில் ஆளே இல்லை. மலை காற்றை உலர்த்துகிறது, காற்று கூட்டைக் காக்கிறது, ஆறு சக்கரத்தைச் சுழற்றுகிறது, முடிவில் நூல் கப்பலேறி அமெரிக்கா போகிறது. நடுவில் யாரோ ஒருத்தி கொதிநீரில் விரலை விட்டு, கூட்டின் நுனியிழையைத் தேடிப் பிடித்திருக்க வேண்டும். பருவநிலையைக் கொண்டு ஒரு தொழில் நகரத்தை விளக்கும்போது முதலில் காணாமல் போகிறவள் அவள்தான். அவளைத் தேடுவதற்கு நானும் அதே பருவநிலையிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் ஒகாயாவின் குளிர் எல்லோர்மீதும் ஒரே மாதிரி விழவில்லை.

ஏரியின் குளிருக்கு எழுத்துக் கணக்கு உண்டு. 1443ஆம் ஆண்டு முதல் சுவா ஏரி எப்போது உறைந்தது என்று ஷிந்தோ கோயில் பூசாரிகள் குறித்துவந்திருக்கிறார்கள். உலகில் இத்தனை நீண்ட உறைபனிக் குறிப்புகள் மிகச் சிலவே. கடுங்குளிர் சில நாட்கள் தொடர்ந்தால் ஏரி முழுவதும் கெட்டித்துவிடும். இரவில் பனித்தளம் சுருங்கி வெடிக்கும், வெடிப்பில் ஏறும் நீரும் உறையும். மறுநாள் வெயிலில் பனித்தளம் விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று நெரித்து, கரைக்குக் கரை ஒரு முகடாக எழும்பும். அப்போது எழும் ஓசை ஊருக்கே கேட்குமாம். இதற்கு ஓமிவாதாரி, அதாவது கடவுள் கடந்துபோன தடம் என்று பெயர். ஏரியின் தென்கரைக் கோயிலில் இருக்கும் தகேமினகதா என்ற ஆண் தெய்வம் வடகரையில் இருக்கும் தன் மனைவி யசகதோமேயைப் பார்க்கப் பனிமேல் நடந்துபோகிறார் என்பது நம்பிக்கை. முகடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து அந்த ஆண்டின் விளைச்சலைச் சொல்வார்கள். தேவி ஒருமுறையாவது எழுந்து தென்கரைக்குப் போனதாக யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் குறிப்புகளை இன்று பருவநிலை ஆய்வாளர்கள் பொன்போலப் போற்றுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒரு ஏரியின் குளிரை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு தவறாமல் எழுதத் தெரிந்த ஊரில், அந்தக் குளிரைத் தாண்டி வேலைக்கு வந்துபோன பெண்களின் கணக்கை நாம் கிழவிகளின் வாய்மொழியிலிருந்தும் ஒரு மருத்துவரின் அறிக்கையிலிருந்தும் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் இயந்திரப் பட்டுத் தொழில் ஒகாயாவில் தொடங்கவில்லை. 1872இல் அரசு தோமியோகா என்ற ஊரில் ஒரு மாதிரி ஆலையைத் திறந்தது. பால் புருனா என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குப் பொறுப்பு. செங்கல் கட்டடம், கண்ணாடிச் சன்னல், இரும்பு இயந்திரம், ஞாயிறு விடுமுறை. முதலில் யாரும் பெண்பிள்ளைகளை அனுப்பவில்லை. வெள்ளைக்காரர்கள் திராட்சை மது குடிப்பதைப் பார்த்துவிட்டு, அவர்கள் இளம்பெண்களின் இரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று வதந்தி. பிறகு பழைய சாமுராய்க் குடும்பத்துப் பெண்கள் நாட்டுக்குச் செய்யும் சேவை என்று அனுப்பிவைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான வாதா எய் தன் தோமியோகா நாட்களைப் பின்னாளில் எழுதினார். அதில் பெருமை இருக்கிறது, போட்டி இருக்கிறது, தொழில் கற்ற மகிழ்ச்சியும் இருக்கிறது. ஆனால் அந்த ஆலை இலாபத்துக்காக நடத்தப்பட்டதல்ல. அதைப் பார்த்துத் தானும் இலாபம் காண நினைத்தவர்கள்தான் சுவா ஏரிக்கரைக்காரர்கள்.

அவர்களின் கெட்டிக்காரத்தனத்தை மறுக்க முடியாது. 1873இல் கதாகுரா குடும்பம் பத்துச் சட்டிகளோடு நூல் எடுக்கத் தொடங்கியது. 1875இல் நகயாமாஷா என்ற ஆலை, பிரெஞ்சு முறையையும் இத்தாலிய முறையையும் கலந்து, இரும்பு இருந்த இடத்தில் மரத்தையும் செம்பு இருந்த இடத்தில் பீங்கானையும் வைத்து, தோமியோகாவில் ஆன செலவில் ஒரு சிறு பங்கில் இயந்திரம் செய்தது. ஓட்டுவதற்கு நீர்ச்சக்கரம். இந்தச் ‘சுவா முறை’ நாடெங்கும் பரவியது. 1909 வாக்கில் ஜப்பான் சீனாவை முந்திக்கொண்டு உலகிலேயே அதிகக் கச்சாப் பட்டு ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. அந்தப் பணத்தில்தான் போர்க்கப்பலும் இரும்பு இயந்திரமும் வாங்கினார்கள் என்று ஜப்பானிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இயந்திரத்தில் மலிவு கண்ட இடத்தை எல்லோரும் வியந்து எழுதுகிறார்கள். அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவளின் மலிவைப் பற்றி அதே வியப்போடு எழுதுவதில்லை.

ஆலைக்குள்ளே வேறொரு பருவநிலை இருந்தது. வெளியே காற்று உலர்ந்தது, உள்ளே ஆவி. வெளியே உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே இறங்கும் இரவுகள். உள்ளே ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் கொதிக்கும் தொட்டி. கூட்டை வெந்நீரில் போட்டால்தான் அதன் பசை இளகி இழை பிரியும். இழை அறுந்தால் அந்த வெந்நீரிலேயே விரலை விட்டு நுனியை எடுத்து ஒட்ட வேண்டும். நாள் முழுவதும் நீரில் ஊறிய விரல்கள் வெளுத்து, தோல் உரிந்து, இடுக்குகளில் புண் வைக்கும். குளிர் நாட்களில் ஆவி கூரையில் மோதி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகத் தலைமேல் விழும். உடுப்பு நனைந்திருக்கும். வெந்த கூட்டுப்புழுவின் நாற்றம் துணியிலும் தலைமுடியிலும் ஏறி நிற்கும். அந்தப் புழுவும் வீணாகவில்லை. அதைத் தீனியாகப் போட்டு ஏரியில் கெண்டை மீன் வளர்த்தார்கள்.

வேலை நேரம் பதின்மூன்று, பதினான்கு மணி. ஆலைச் சட்டம் 1911இல் நிறைவேறி 1916இல் நடைமுறைக்கு வந்தபோதும் ஏற்றுமதிப் பட்டு ஆலைகளுக்கு வேலை நேரத்தில் விதிவிலக்கு தரப்பட்டது. வந்தவர்களில் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள். ஆலையின் தரகர் கிராமத்துக்குப் போய் முன்பணம் கொடுப்பார். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது தகப்பன்; வேலை செய்வது மகள். இடையில் விட்டுப்போனால் அபராதம் குடும்பத்தின் தலையில் விழும். ஒரு ஆலையின் பெண் இன்னோர் ஆலைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக 1900களின் தொடக்கத்தில் சுவா ஆலை முதலாளிகள் தமக்குள் ஒரு கூட்டணி அமைத்து, பெண்களின் பெயர்களைப் பதிந்து வைத்தார்கள். ஆக, பெண்களின் பெயர் எழுதிய ஏடு ஒன்றும் இல்லாமல் போகவில்லை. அந்த ஏடு அவர்களைக் கட்டிவைப்பதற்காக எழுதப்பட்டது.

இந்த உள்பருவநிலை வெளிப்பருவநிலையோடு பிணைந்திருந்தது ஆலையின் நாட்காட்டியில். தொடக்க காலத்தில் சக்கரம் சுழல ஆறு ஓட வேண்டும். ஆறு உறைந்தால் ஆலை நிற்கும். ஆகவே டிசம்பர் கடைசியில் ஆலையை மூடிப் பெண்களை ஊருக்கு அனுப்பி, பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ திரும்ப அழைப்பது வழக்கமாயிற்று. ஏரி உறையும் காலமே அவர்களின் ஒரே விடுமுறை. கேட்பதற்கு இயற்கையோடு இயைந்த ஏற்பாடு போல இருக்கும். அதன் பொருளைத் தெரிந்துகொள்ள ஹிதா மலைநாட்டின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

ஏரிக்கு மேற்கே, இப்போதைய கிஃபு மாநிலத்தில் இருப்பது ஹிதா. நெல் விளைவது அரிது. குதிரைவாலிதான் அன்றாடச் சோறு. ஆலைக்கு வந்தவர்களில் பெரும் தொகையினர் அங்கிருந்து வந்தவர்கள். அங்கிருந்து சுவாவுக்கு வர 1672 மீட்டர் உயரமுள்ள நோமுகிக் கணவாயைத் தாண்ட வேண்டும். நோமுகி என்றால் காட்டுக் கோதுமை. மலைச்சரிவில் மண்டியிருக்கும் குட்டை மூங்கில்புதர் எப்போதாவது பூத்துக் கதிர் விடும். பஞ்ச காலத்தில் அதைத்தான் உணவாக்கிக்கொண்டார்கள். நம் மலைவாழ் மக்களின் மூங்கிலரிசிபோல. கணவாயின் பெயரே பசியின் பெயர். ஆலை மூடுவது கடும் பனிக்காலத்தில் என்பதால், இந்தச் சிறுமிகள் கணவாயைத் தாண்டியதும் கடும் பனியில்தான். இடுப்பளவு பனியில் ஒருத்தியின் பின் ஒருத்தியாக, வழுக்கி விழாமலிருக்கத் துணியால் தம்மைப் பிணைத்துக்கொண்டு நடந்தார்கள். ஆண்டு முழுவதன் கூலியும் மடியில் இருக்கும். போகும்போது டிசம்பர்ப் பனி, வரும்போது பிப்ரவரிப் பனி. ஆலைக்குச் சாதகமான பருவம் ஆற்றின் கணக்கில் தீர்மானிக்கப்பட்டது; கணவாயின் கணக்கில் அல்ல. இரயில்பாதை ஒகாயாவை எட்டியது 1905இல்தான். அதுவும் ஹிதாப் பெண்களுக்கு உதவவில்லை, அவர்களின் வழி மலைமேல்.

இந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர் நமக்குத் தெரியும். மினே. ஆண்டுக்கு நூறு யென் ஈட்டும் திறமைக்காரி. அப்படிப்பட்டவர்களை ‘நூறு யென் பெண்’ என்று ஊர் வியப்போடு குறிப்பிட்டது. 1909 நவம்பரில் அவளுக்கு வயிற்றுச் சவ்வு அழற்சி கண்டது. வந்து அழைத்துப்போகும்படி ஆலையிலிருந்து தந்தி. அண்ணன் தத்சுஜிரோ ஊரிலிருந்து நடந்தே வந்தான். முதுகில் கட்டிய மரச்சட்டத்தில் தங்கையை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தான். நவம்பர் 20 அன்று கணவாயின் உச்சியை எட்டியபோது, ஹிதா தெரிகிறது என்று சொல்லி மகிழ்ந்தாள் மினே. சிறிது நேரத்தில் அங்கேயே இறந்துபோனாள். வயது இருபது.

இது நமக்குத் தெரியவந்தது யமமோதோ ஷிகெமி என்ற எழுத்தாளரால். அவர் முன்னாள் ஆலைப் பெண்கள் நூற்றுக்கணக்கானோரைத் தேடிப்போய்ப் பேசி, 1968இல் நோமுகிக் கணவாயின் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். 1979இல் அது திரைப்படமும் ஆயிற்று. திரைப்படத்துக்குப் பின் மினேயின் கதை நாடறிந்தது. கணவாயில் அண்ணன் தங்கையைச் சுமந்திருக்கும் சிலையும் நிற்கிறது. எனக்கு அந்தச் சிலையைப் பற்றி ஒரு மனத்தாங்கல் உண்டு. சுமக்கப்படும் பெண்ணாக அவள் நிலைத்துவிட்டாள். நூறு யென் ஈட்டிய கைகள் அண்ணனின் தோளைப் பற்றியிருக்கும் கைகளாக மட்டும் நினைவில் நிற்கின்றன.

யமமோதோவின் நூலில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது மினேயின் சாவு அல்ல, உயிரோடு இருந்த கிழவிகளின் பதில்கள். சாப்பாடு எப்படி என்று கேட்டால் மிகப் பெரும்பாலோர் நன்றாக இருந்தது என்றார்கள். வீட்டில் குதிரைவாலி, ஆலையில் அரிசிச் சோறு, மிசோ சாறு. (ஆலைகள் தம் விடுதிகளுக்கென்று சொந்தமாக மிசோ தயாரித்ததுதான் பின்னால் இந்த ஊரின் தனித் தொழிலாக வளர்ந்தது.) வேலை கடினமா என்று கேட்டால், வீட்டு வயல் வேலைக்கு இது தேவலை என்றார்கள். கூலியைக் குறை சொல்லவில்லை. போனது நல்லதுதான் என்றார்கள்.

இந்தப் பதில்களை என்ன செய்வது? ஆலை நல்லது என்று வாதாடுகிறவர்களுக்கு இவை வசதி. ஆலை நரகம் என்று எழுதுகிறவர்களுக்கு இவை சங்கடம்; கிழவிகள் கஷ்டத்தை மறந்துவிட்டார்கள், அறியாமையில் பேசுகிறார்கள் என்று ஒதுக்குவார்கள். இரண்டும் அவர்களைப் பேசவிடாமல் செய்வதுதான். நான் இந்தப் பதில்களை அப்படியே நம்புகிறேன். அவை ஆலையைப் பற்றிச் சொல்வதைவிட வீட்டைப் பற்றி அதிகம் சொல்கின்றன. பதின்மூன்று மணிநேர ஆலை வேலை தேவலை என்று தோன்றும்படி ஒரு பெண்குழந்தையின் வீட்டு வேலை இருந்திருக்கிறது. சோறு நன்றாக இருந்தது என்பவள், பன்னிரண்டு வயதுவரை தன் தட்டில் என்ன விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறாள். கூலி தகப்பன் கைக்குப் போனாலும், அதைக் கொண்டுவந்து வைத்தவள் தான் என்ற நிமிர்வும் அவள் பேச்சில் இருக்கிறது. அந்த நிமிர்வை அவளிடமிருந்து பிடுங்க நமக்கு உரிமையில்லை.

அதே கிழவிகள் ஒரு விஷயத்தில் மட்டும் அழுததாகச் சொன்னார்கள். அது தரச்சோதனை. ஒகாயாவின் கூலிமுறை அப்படிப்பட்டது. ஒவ்வொரு பெண்ணும் எடுத்த நூலைத் தினமும் சோதிப்பார்கள். இத்தனை கூட்டுக்கு இத்தனை நூல் வந்ததா, டெனியர் சரியா, பளபளப்பு உண்டா, இழை சீராக இருக்கிறதா. பிறகு எல்லோரின் சராசரியை எடுத்து, மேலே நிற்பவளுக்குக் கூட்டுவார்கள், கீழே நிற்பவளுக்குக் குறைப்பார்கள், அபராதமும் போடுவார்கள். மொத்தக் கூலித்தொகை முதலாளி நிர்ணயித்ததே. பெண்கள் எல்லோரும் சேர்ந்து திறமை காட்டினாலும் அது பெரிதாக ஏறாது. பக்கத்துத் தொட்டிக்காரியின் கை வேகமானால் என் கூலி குறையும். நூலுக்கு டெனியர் பார்த்தது அமெரிக்கச் சந்தை. அந்தச் சந்தையின் கண்டிப்பை ஒரே பாயில் படுத்துறங்கிய இரண்டு பெண்களுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தது இந்தக் கூலிமுறை. உடல் வலியைவிட இது ஆழமாகத் தைத்திருக்கிறது. அறுபது ஆண்டுக்குப் பின்னும் அவர்கள் ஞாபகம் வைத்திருந்தது சட்டியின் சூட்டை அல்ல, சோதனைக்காரனின் முகத்தை.

நோய்க்கு வருகிறேன். 1913இல் இஷிஹாரா ஒசாமு என்ற மருத்துவர், ஆலைப் பெண்களும் காசநோயும் என்ற பொருளில் தன் ஆய்வை வெளியிட்டார். அவர் ஆலைப் பதிவேடுகளோடு நிற்கவில்லை, கிராமங்களுக்குப் போனார். நோய் முற்றியவர்களை ஆலைகள் வீட்டுக்கு அனுப்பிவிடுவதால் சாவு ஆலைக் கணக்கில் வராமல் கிராமத்துக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. திரும்பிய பெண்கள் வழியாகக் காசம் மலையூர்களுக்குள்ளும் பரவியது. வெளியே குளிர், உள்ளே ஆவி. நனைந்த துணியோடு குளிரில் நடந்து விடுதிக்குப் போகிறார்கள். ஆகவே நெஞ்சு நோய் வருகிறது. இப்படிச் சொல்லிவிட்டால் பழி மறுபடியும் வானிலைமேல் போய்விடும். குளிர் உடலைத் தளர்த்தும், மெய்தான். ஆனால் காசத்தைத் தருவது கிருமி. அது பரவ வேண்டியது அடைத்த அறை, தோளோடு தோள் ஒட்டிய படுக்கை, ஒரே போர்வைக்குள் இருவர், தூக்கமில்லாத உடல். இவை நான்கையும் தந்தது ஏரி அல்ல.

பெண்கள் பொறுத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதும் சரியல்ல. ஜப்பானின் முதல் ஆலை வேலைநிறுத்தம் பெண்கள் செய்ததே. 1886இல், சுவாவுக்குத் தென்கிழக்கே மலைகளைத் தாண்டி உள்ள கோஃபு நகரில், அமமியா பட்டு ஆலைப் பெண்கள் நூறு பேர் வேலையை விட்டு வெளியேறி ஒரு கோயிலில் கூடினார்கள். முதலாளிகள் ஒன்றுசேர்ந்து வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைத்ததை எதிர்த்து எழுந்தவர்கள், சில சலுகைகளைப் பெற்ற பின்னரே திரும்பினார்கள். அப்போது அந்நாட்டில் தொழிற்சங்கம் என்ற சொல்லே பழக்கத்தில் இல்லை. கூட்டமாக நடப்பதும் ஓடிப்போவதும் அவர்களுக்குத் தெரிந்த வழிகள். ஓடிப்போனவர்கள் ஏராளம். ஏரிப்பக்கம் போய்த் திரும்பாதவர்களும் உண்டு.

ஒகாயாவின் முறை 1927இல் வந்தது. ஆகஸ்ட் இறுதியில் யாமாஇச்சி ஹயாஷி ஆலையில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள். சங்கத்தில் சேரும் உரிமை, நல்ல சாப்பாடு, கூலி உயர்வு ஆகியவை அவர்களின் கோரிக்கைகளில் இருந்தன. பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்த் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வருவதற்குப் பதில் சமையற்கூடத்தை நிறுத்தியது, விடுதியை அடைத்தது. வந்து உங்கள் பெண்ணைக் கூட்டிப்போங்கள் என்று தகப்பன்மாருக்குச் செய்தி போயிற்று. கையொப்பமிட்டவர் தகப்பனல்லவா? உறங்குமிடமும் உண்ணும் சோறும் முதலாளி கையில் இருக்கும்போது வேலைநிறுத்தம் என்பது அன்று இரவே வீடற்றவளாவது. ஊர்ப்பெண் என்றால் வீட்டுக்குப் போகலாம். இவர்களுக்கு வீடு மலைக்கு அப்பால். பத்தொன்பது நாட்கள் தாக்குப்பிடித்தார்கள். பிறகு தோற்று, பிரிந்து, ஊருக்குப் போனார்கள். பட்டுத் தொழில் அதுவரை கண்டவற்றுள் பெரிய போராட்டம் அது. விடுதி என்ற ஏற்பாட்டை பாதுகாப்பு, ஒழுக்கம் என்ற சொற்களால் மட்டும் பார்க்கிறவர்கள் இந்தப் பத்தொன்பது நாட்களைப் படித்துவிட்டுப் பேசலாம்.

மறு ஆண்டு, 1928இல், ஏரிக்கரையில் கதாகுரா குடும்பம் ஒரு வெந்நீர்க் குளியல் மாளிகையைத் திறந்தது. ஐரோப்பியப் பாணிக் கட்டடம், அடியில் கூழாங்கல் பரப்பிய ஆழமான பெருந்தொட்டி. ‘ஆயிரம் பேர் குளியல்’ என்று அழைக்கிறார்கள். இன்றும் அங்கே குளிக்கலாம். 1934இல் ஒகாயாவின் ஒரு பௌத்தக் கோயிலில், நூலுக்காக இறந்த பட்டுப்புழுக்களின் ஆன்ம சாந்திக்கு நினைவுக் கோபுரம் எழுப்பினார்கள். புழுவுக்கு நன்றி சொல்லத் தெரிந்த மனிதர்களை நான் குறைசொல்ல மாட்டேன். வரிசையை மட்டும் கவனிக்கிறேன்.

அதற்குள் பட்டின் காலம் சரியத் தொடங்கியிருந்தது. 1929இன் அமெரிக்க வீழ்ச்சியில் பட்டு விலை சரிந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. அதுவரை நிர்வாகக் கணக்கில் ஹிரானோ என்ற கிராமமாகவே இருந்த இந்தப் புகைபோக்கி ஊர், 1936இல்தான் ஒகாயா நகரம் என்று பெயர் பெற்றது. புகழ் வந்து சேர்ந்தபோது தொழில் போய்க்கொண்டிருந்தது. 1940இல் அமெரிக்கக் கடைகளில் நைலான் காலுறை வந்தது. போர்க்காலத்தில் தலைநகரின் ஆலைகள் குண்டுவீச்சுக்குத் தப்பி மலைநாட்டுக்கு வந்தன. காலியாகக் கிடந்த பட்டு ஆலைகளில் அவற்றில் பல குடியேறின. போருக்குப் பின் கடிகாரம், கேமரா, இசைப்பெட்டி. சிறு பாகங்களைப் பொருத்தும் வரிசைகளில் மறுபடியும் இளம்பெண்கள் உட்கார்ந்தார்கள். அதற்கும் காரணமாகச் சொல்லப்பட்டது உலர்காற்று. விரல்களைப் பற்றிப் பேசியபோதும் அதைப் பெண்களுக்கு இயல்பாக அமைந்த நுணுக்கம் என்றார்கள், கற்ற தொழில் என்று சொல்லவில்லை. இயல்பு என்றால் கூலி ஏற்ற வேண்டியதில்லை.

ஒகாயாவின் சிட்டுக்குருவிகள் கறுப்பு என்று அந்நாட்களில் சொல்வார்களாம், அத்தனை கரிப்புகை. ஊருக்குள் ஒரு பட்டு அருங்காட்சியகம் இருக்கிறது, 2014இல் திறந்தது. அதற்குள்ளேயே ஒரு சிறிய நூல் ஆலை இன்னும் ஓடுகிறது. பார்வையாளர்கள் கண்ணாடிக்கு இப்பால் நின்று பெண்கள் நூல் எடுப்பதைப் பார்க்கலாம்.

ஏரிதான் மாறிவிட்டது. பூசாரிகள் கணக்கெழுதத் தொடங்கிய முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாமல் போனது மூன்றே முறை. தொழிற்புரட்சிக்குப் பின் உறையும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியாகப் பனிமுகடு எழும்பியது 2018இல்; அதன் பிறகு 2025 வரை ஒரு குளிர்காலத்திலும் எழும்பவில்லை. இருந்தாலும் ஜனவரி தொடக்கம் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை கோயில்காரர்கள் விடியும் முன்பே கரைக்கு வருகிறார்கள். நீரின் வெப்பத்தை அளக்கிறார்கள். உறையவில்லை என்றால் ‘திறந்த கடல்’ என்று ஏட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அந்த ஏட்டில் 1909ஆம் ஆண்டுக் குளிர்காலத்தைப் பற்றி எழுதிய வரியைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஏரி அந்த முறை எந்த நாளில் உறைந்தது என்று அதில் தேதியோடு இருக்க வேண்டும். மினே கணவாயில் இறந்தது நவம்பர் 20. ஆலை மூட இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஏரியில் அப்போது அலையடித்துக்கொண்டிருந்திருக்கும்.